வீடு விற்கக் கிணறு இறைத்தேன்

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், வெளிநாட்டுக்காரர் வீடு விற்கும் வீடியோக்களைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கினேன். அன்றோடு என் புத்தி கெட்டது.

விற்றே ஆகவேண்டிய நிலை. மனைவிக்குச் சாவகச்சேரிக்கு வேலை மாற்றம். எங்கள் வீடோ பருத்தித்துறைப் பக்கம், கடலுக்குக் கிட்ட. விடிய ஒரு பஸ், கொடிகாமத்தில் இறங்கி இன்னொரு பஸ். பின்னேரம் அதே இரண்டும் திரும்ப. வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்துவிடுவாள். அவளுடைய வேலையிடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் சாவகச்சேரியில் ஒரு வீடு சரிவந்திருந்தது. அதன் சொந்தக்காரர் ஆவணி முடியும் வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். ஆவணியும் பிறந்துவிட்டது.

குடும்பப் படங்களைக் கழற்றுங்கள் என்றது ஒரு வீடியோ. கழற்றினேன்.

"கலியாணப் படத்தையும் கழட்டிப்போட்டியள். வீட்டோடை என்னையும் விக்கிற யோசினையோ?" என்றாள் மனைவி.

வீட்டில் நல்ல வாசனை வரவேண்டும் என்றது இன்னொன்று. கோப்பிக்கொட்டை வறுத்தேன், கருக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டி, "என்ன, நெருப்புக் கிருப்புப் பத்திட்டுதோ?" என்று கேட்டார்.

இவ்வளவோடு நின்றிருக்கலாம். எங்கள் பக்கத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் சுவரையா பார்க்கிறார்கள்? நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி ஒரு மிடறு குடிப்பார்கள். நல்ல தண்ணீர் என்றால்தான் மற்றக் கதை. எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனால் சனிக்கிழமை காலையில் எட்டிப் பார்த்தபோது அடியில் ஒரு சிரட்டையும் கொஞ்சம் மாவிலையும் தெரிந்தன. வருகிறவர்கள் சிரட்டையைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? மெசின் ஒன்றை வாடகைக்கு எடுத்து மத்தியானம் வரை இறைத்தேன். உள்ளே இறங்கிச் சிரட்டையை எடுத்து, சுவரெல்லாம் தேய்த்துக் கழுவினேன்.

வெயில் காலத்தில் கன நேரம் இறைத்தால் மேலே கிடக்கும் நல்ல தண்ணீர் போய், கீழே கிடக்கும் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். இந்தக் கரையில் பிறந்த ஒருவருக்கும் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. எனக்கும் தெரியும். சிரட்டையைக் கண்ட பதற்றத்தில் மறந்துபோனேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை மனைவி தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் சீனியெண்டு உப்பையோ போட்டனான்?"

ஆட்கள் வர இன்னும் ஒரு மணித்தியாலம். கடைக்கு ஓடி நெல்லிரசமும் சோடாவும் வாங்கி வந்தேன். வயிறு முட்டக் குடித்தவர்கள் கிணற்றுப் பக்கம் போவார்களா? அதுதான் என் திட்டம்.

வந்தவர்கள் ஒரு மீன்பிடி வள்ளக்காரரும் அவருடைய மனைவியும். வள்ளக்காரர் அதிகம் பேசவில்லை. அந்த அக்காவே எல்லாம் பேசினார். மூன்றாவது கிளாசை நீட்டியபோது தள்ளிவிட்டார்.

"தம்பி, நாங்கள் என்ன தண்ணிப் பந்தலுக்கோ வந்தனாங்கள்? கிணத்தடி எங்கை?"

"அங்கை பாசி அக்கா. வழுக்கும்."

"கடற்கரை ஆக்களுக்குப் பாசி காட்டுறியளோ!"

அள்ளினார். ஒரு மிடறு. உடனே துப்பினார்.

"உதென்ன தம்பி, கடலுக்கு நேரை குழாய் போட்டு வைச்சிருக்கிறியளோ?"

"அது... இந்த வருசம் மழை இல்லாததாலை..." என்று நான் தொடங்க, மனைவி குறுக்கே வந்தாள்.

"பொய் சொல்லாதேங்கோ. அக்கா, இது நல்ல தண்ணிக் கிணறு. நீங்கள் வாறியளெண்டு இவர் நேற்று மெசின் பூட்டி அடிமட்டும் இறைச்சுப்போட்டார்."

அக்கா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மகளின்ரை கலியாணத்துக்கு முதல்நாள் இவரும் இதே வேலைதான் பாத்தவர். வந்த சனம் முழுக்க உப்புத் தேத்தண்ணி குடிச்சுது."

"அதை இஞ்சை வந்து ஏன் கதைக்கிறாய்?" என்றார் வள்ளக்காரர். அன்று அவர் சொன்ன ஒரே வசனம் அது.

"ரெண்டு கிழமை கிணத்தை ஆறவிடுங்கோ. திரும்ப வாறம். தண்ணி சரியெண்டால் மிச்சம் கதைப்பம்," என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

அந்தப் பதினாலு நாளும் பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் அள்ளினோம். காலையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பின்னேரம் பஸ்ஸால் வந்து இறங்கும் மனைவி, ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆளை விசாரிப்பதுபோல, "இண்டைக்கு எப்பிடி?" என்பாள். "கொஞ்சம் சுகம்" என்பேன். பத்தாம் நாள் அந்தத் தண்ணீரில் போட்டுப் பார்த்த தேநீர் தேநீராகவே இருந்தது.

ஆவணி முடிய மூன்று நாள் இருக்க அக்கா வந்தார். ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. பிறகு முகமும் கழுவினார்.

"நல்ல தண்ணி தம்பி. முடிப்பம்."

எனக்கு வந்த சந்தோசத்தில் வாய் நிற்கவில்லை. "குசினிக் கூரை மாரிக்கு ஒழுகும் அக்கா. பின்கதவும் கொஞ்சம் இறுக்கம்..." மனைவி முழங்கையில் கிள்ளினாள். கிள்ளப் பிந்திவிட்டது.

"அப்ப வீட்டை எங்கடை பேருக்கு உறுதி எழுத முந்தி ரெண்டையும் திருத்தித் தாங்கோ," என்றார் அக்கா.

அன்றிரவே சாவகச்சேரி வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் முழுக்கக் கூரையில் ஓடு மாற்றினேன். லீவு போட்டுவிட்டுக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி, சாவகச்சேரி வீட்டில் அலுமாரியை எந்தச் சுவரோடு வைப்பது, வேலைக்கு எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்குவது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மேலிருந்து எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றேன்.