மனிதக் குரல் கேட்டதால் தோல்வி

என் வீட்டுக்காரருக்கு லிஃப்டை விட்டால் உலகமே கிடையாது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரேக் தேஞ்சிருக்கு, படியேறியே போயிடலாம்" என்பார். இப்படி ஏழு மாடி ஏறி நாக்குத் தள்ளிப்போயிருக்கிறேன். வெளிநாட்டில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டப் போனவர், போனில் பேசுவது மூன்றே விஷயம்: "சாப்டியா? பாப்பா படிக்கிறாளா? வெக்கிறேன்." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார்.

பாப்பாவுக்குப் பதினேழு வயது. பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள். தொழிற்பயிற்சிப் பள்ளியில் லிஃப்ட் மெக்கானிக் படிப்புதான் வேண்டும் என்றாள். கேட்டதும் மனுஷர் அங்கிருந்தே குதித்தார். "பொம்பளப் புள்ள லிஃப்ட் குழிக்குள்ள இறங்குறதா? நடக்கவே நடக்காது!" அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழி பிதுங்கியது எனக்குத்தான். திடீரென்று ஒருநாள், "சரி, சேரட்டும்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. பாப்பா அதை நம்பவும் இல்லை.

சீட் கிடைத்துவிட்டது. ஆனால் விடுதியில் சேர அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். "நான் போடுறேனே கையெழுத்து" என்றேன். "விண்ணப்பத்துல அப்பா பேருதாம்மா இருக்கு, நீங்க போட்டா செல்லாது" என்றார் விடுதிப் பிரிவு உதவியாளர். பெற்றவள் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறேன், என் கையெழுத்து செல்லாதாம்! தபாலில் வரவழைக்க நேரமில்லை. மெயிலில் வந்தால் ஏற்க மாட்டார்கள், ஃபேக்ஸில்தான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

சிமெண்டும் கம்பியும் கிடக்கிற இடத்தில் அவர் ஃபேக்ஸ் மிஷினுக்கு எங்கே போவார்? ஒரு பிரவுசிங் சென்டரில் வழி சொன்னார்களாம். கடிதத்தை ஸ்கேன் செய்து ஒரு கம்பெனிக்கு மெயிலில் அனுப்பினால், அவர்கள் அதை இங்கே ஃபேக்ஸாக அடித்துவிடுவார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அனுப்ப அனுப்பத் திரும்பி வந்தது.

"என்னதாங்க போட்டிருக்கு அதுல?"

"மனுஷக் குரல் கேட்டதால தோல்வின்னு போட்டிருக்குடி."

"மிஷினுக்கு ஏதுங்க மனுஷக் குரல்?"

"என்னைக் கேட்டா? வேலைய விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன், மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுறான். இதுல கடைக்காரன் வேற, மெயில்ல நாலு வார்த்தை அடிச்சாதான் போகும், வெத்தா போகாதுங்கிறான். அடிக்கிறத யாரும் படிக்க மாட்டாங்களாம். படிக்காததுக்கு எதுக்குடா அடிக்கணும்? வெக்கிறேன்!"

பாப்பா ஒரே போடாகப் போட்டாள். "அப்பாவுக்கு இஷ்டமில்லம்மா. நேரா சொல்ல வாய் வரல, கதை விடுறாரு." அதற்கு மேல் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. எனக்கும் சந்தேகம் தட்டியது, பொய் சொல்வானேன். அடுத்த தடவை அவர் போன் பண்ணியபோது பாப்பா சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு விடுதிப் பிரிவுக்குப் போனேன். ஒரு மேஜை, அதன் மேல் ஃபேக்ஸ் மிஷின், அதன் பக்கவாட்டிலேயே ரிசீவர். இரண்டுக்கும் ஒரே லைன். நாங்கள் உட்காரும்போதே மணி அடித்தது. உதவியாளர் பாய்ந்து எடுத்தார். "வணக்கம், விடுதிப் பிரிவு!" ரிசீவருக்குள் கீச்சென்று ஒரு கத்தல், எங்களுக்கே கேட்டது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தார்.

"யாரோ ஒரு பைத்தியம்மா. இந்த வாரம் பூரா இதே கத்தல். நானும் ஒவ்வொரு தடவையும் மரியாதையா வணக்கம் சொல்றேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஐயா, அந்தப் பைத்தியம் என் வீட்டுக்காரர்! அதுதான் ஃபேக்ஸ்! நீங்க எடுத்தா எப்படிய்யா வரும்?"

"ரெண்டாவது மணிக்குள்ள எடுக்கணும்னு வார்டன் மேடம் உத்தரவு. எடுக்கலன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"எடுத்தீங்கன்னா என் பொண்ணு சீட்டு கிழிஞ்சிடும்!"

மறுபடி மணி. அவர் கை நீளுவதற்குள் என் கைப்பையை ரிசீவர் மேல் போட்டு, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். மனுஷர் தவித்துப் போய்விட்டார், பாவம். மணி அடித்து அடித்து ஓய, மிஷின் தானே முனகி ஒரு தாளைத் துப்பியது.

அதில் கையெழுத்தே இல்லை. அவர் மெயிலில் அடித்த வார்த்தைகள்தான் முதல் பக்கமாக வந்திருந்தன, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து. பாப்பா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எந்த நாய் அங்க போனை எடுக்குதோ தெரியல. என் பொண்ணு நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறா. எனக்கு இஷ்டமில்லாம இல்ல, பயம். கூட வேலை பாத்தவன் கரண்ட் மெயினை ஆஃப் பண்ணிட்டுதான் குழிக்குள்ள இறங்கினான். யாரோ தெரியாம ஆன் பண்ணிட்டாங்க. பாப்பா மெயினை ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, சாவிய அவ பாக்கெட்லயே வெச்சுக்கணும். யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

அவள் வாசித்து முடிக்கும்போது கையெழுத்துப் பக்கமும் வந்து கிடந்தது. "நாய்னு என்னையா சொல்றாரு?" என்றார் உதவியாளர். "ஆமாங்கய்யா" என்றேன். கையெழுத்துப் பக்கத்தில் ஓங்கி சீல் குத்தினார். முதல் பக்கம் ஃபைலுக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பாப்பா அதை எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது மறுபடி மணி. உதவியாளர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். மிஷின்தான் எடுத்துக் கத்தியது, தாள் எதுவும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டு போனில் அவர் வெடித்தார். "ஏண்டி, வந்துச்சா இல்லையா? கேக்கலாம்னு போன் பண்ணினா காதுக்குள்ள மிஷின் கத்துது! மனுஷங்க யாருமே இல்லையா அங்க?"

பாப்பா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள். "சாவிய என் பாக்கெட்லயே வெச்சுக்குவேம்ப்பா. யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதாம்ப்பா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. "சரி, வெக்கிறேன்" என்றார். ஆனால் வைக்கவில்லை.