லக்சம்பேர்க்கில் ஒரு விசாரிப்பு

வதனி என் அறைக்கு வந்து, தன் வேலை ஒப்பந்தம் வசந்தத்தோடு முடிகிறது, இனிப் புதுப்பிக்க மாட்டார்களாம் என்றாள்.

ரொறன்ரோ டவுன்டவுனில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகளுக்குக் கிராண்ட், அதாவது ஆராய்ச்சி நிதி, தேடிக்கொடுப்பது என் வேலை. நான் விஞ்ஞானி அல்ல. கரையில் நின்றுகொண்டு எங்கே ஆழம் என்று சொல்பவன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை இத்தனை காலமும் ஒருவரும் கவனிக்கவில்லை.

வதனி போஸ்ட்டொக், அதாவது முனைவர் பட்டம் முடித்துவிட்டுத் தற்காலிக ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்பவள். மூளை உயிரணுக்களில் புரதம் ஏன் கட்டிபடுகிறது என்று ஆராய்பவள். இங்கு வருமுன் வேறோர் இடத்தில் இருந்த பொஸ், அவள் வளர்த்தெடுத்த ப்ரொஜெக்டைத் தன் லாபுக்கே சொந்தமென்று வைத்துக்கொண்டு அவளை வெறுங்கையோடு அனுப்பியிருந்தார். இன்னொரு முறை அப்படி நடந்தால் ஆராய்ச்சிக்கே கும்பிடு போட்டுவிட்டு, மிசிசாகாவில் மருந்துக் கம்பனி ஒன்றுக்கு சேல்ஸ் பண்ணப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

தேடியதில் லக்சம்பேர்க் அகப்பட்டது. உலகப் படத்தில் தன் பெயரை எழுத இடம் போதாமல் பக்கத்து நாட்டுக்குள் எழுதவேண்டிய அளவு சின்ன நாடு. ஆனால் உயிரியல் ஆராய்ச்சிக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறது. வெளிநாட்டு இளம் விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சியோடு வரலாம். அங்குள்ள பேராசிரியர் ஒருவர் ஹோஸ்டாக இருந்து தன் லாபில் இடம் தரச் சம்மதித்தால் போதும். மார்க் என்றொரு பேராசிரியர் ஆர்வம் காட்டி, வீடியோ கோலுக்கு நாளும் குறித்தார்.

“அங்கிள், பேப்பரில எல்லாரும் நைஸ்தானே. ஆள் எப்பிடி எண்டு ஆர் சொல்லுறது?” என்றாள் வதனி.

நியாயமான கேள்வி. நான் அதற்குக் கண்டுபிடித்த வழிதான் நம்மவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் ஜெயம், லக்சம்பேர்க்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு போன் எடுத்தேன்.

“உது சின்ன வேலை தம்பி. விசாரிச்சுச் சொல்லுறன்,” என்றார்.

இரண்டு நாளில் அவரே எடுத்தார். குரலில் சுதி குறைந்திருந்தது.

“தம்பி, ஒரு சின்னப் பிசகு. எங்கட கடைக்கு ஒரு மனிசி வாறவ. உந்த ஆராய்ச்சிக்காரரையெல்லாம் தெரியும் எண்டு சொன்னவ. அவவிட்டைக் கேட்டன், ரொறன்ரோவில இருந்து விசாரிக்கினம், உப்பிடி ஒரு புரொபெசராம், ஆள் கோவக்காரரோ, குடிப்பாரோ, குடும்பம் எப்பிடி எண்டு.”

“குடியைப் பற்றி நான் கேக்கச் சொல்லேல்லையே அண்ணை!”

“விசாரிக்கிறதெண்டால் முழுசா விசாரிக்க வேணுமெல்லோ?”

“சரி, அவ என்ன சொன்னவ?”

“முதல்ல சிரிச்சவ. பிறகு, அவர் தன்ர புருசனாம் எண்டு சொன்னவ.”

சின்ன நாடுகளில் நிதி விரைவாகக் கிடைக்கும் என்று புதியவர்களுக்கான என் பேச்சின் ஸ்லைட்களில் எழுதியிருக்கிறேன். செய்தியும் அப்படித்தான் என்பதைச் சேர்த்திருக்க வேண்டும்.

வதனியிடம் சொல்லாமல் தப்ப முடியவில்லை.

“அங்கிள், நீங்கள் எனக்கு கிராண்ட் எடுக்கிறீங்களா, மாப்பிள்ளை பாக்கிறீங்களா?”

வீடியோ கோல் நடந்த அன்று கமராவுக்குப் படாத மூலையில் ஒதுங்கியிருந்தேன். பேராசிரியர் வணக்கம் சொன்ன கையோடு ஆங்கிலத்தில் தொடங்கினார்: “ரொறன்ரோவில் என் குடும்பத்தைப் பற்றியெல்லாம் அக்கறைப்படுகிறார்களாமே.” அவர் சிரிக்கிறாரா என்று திரையில் தெரியவில்லை.

வதனி மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்தை மாற்றுவாள் என்று நினைத்தேன். என் பக்கம் விரலைக் காட்டியிருந்தாலும் குறை சொல்லியிருக்கமாட்டேன். அவள் சொன்னது வேறு.

“அந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உங்கள் லாபை விட்டுப் போனவர்கள் தங்கள் ப்ரொஜெக்டைக் கொண்டுபோனார்களா?”

 

“அநேகமானோர் கொண்டுபோனார்கள். ஒருத்திக்கு நான் கொடுக்கவில்லை. அது பிழை. அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. அவளிடமே கேளுங்கள்” என்று பெயரைச் சொன்னார்.

வதனி அவளைத் தேடிப் பிடித்துப் பேசினாள். “போ. ஆனால் ப்ரொஜெக்ட் உன்னுடையது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்” என்றாளாம் அவள். வதனி எழுதி வாங்கிக்கொண்டுதான் விண்ணப்பத்தை அனுப்பினாள். நிதி கிடைத்தது. இப்போது புரதங்களோடு அங்கே இருக்கிறாள்.

இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான்: ஒரு லாபில் சேருமுன் அங்கே சந்தோஷமாக இருப்பவர்களிடம் விசாரிக்காதீர்கள். கோபித்துக்கொண்டு போனவர் யார் என்று பொஸ்ஸிடமே கேளுங்கள். பெயர் சொல்பவரை நம்பலாம். அப்படி ஒருவருமே இல்லை என்பவரிடம் போகவேண்டாம்.

புதிதாக வரும் போஸ்ட்டொக்குகளுக்கான பேச்சில் இதைச் சேர்த்தபோது எங்கள் டிரெக்டர் பின்வரிசையில் இருந்தார். முடிந்ததும் கிட்ட வந்து, “இது வெளிநாட்டு லாபுகளுக்கு மட்டும்தானே?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.