முதல் வரியில் டி.ஜி.எம்.

ஓசூர் சிப்காட் பக்கம் அழகர்சாமி நடத்தும் பேக்கரியில் தேங்காய் பன்னை விடப் பழைய பொருள் ஒன்று உண்டென்றால், அது வாசலில் நிற்கும் வீடியோ கேம் பெட்டிதான். பன்னும் சளைக்காமல் போட்டி போடுகிறது என்பது வேறு விஷயம்.

மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர், வேலை கசந்து கடை போட்டார். கூடவே பெங்களூரில் எவனோ கழித்துக் கட்டிய இந்தப் பெட்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் ஒரு பழைய டிவி டியூப், மூட்டைப்பூச்சி போலக் கறுப்புச் சில்லுகள் அப்பிய ஒரு பச்சைப் பலகை, காசு விழுந்தால் தட்டுகிற ஒரு சுவிட்ச். அவ்வளவுதான் சரக்கு. இதற்குத்தான் ஆயுத பூஜையன்று அத்தனை பெரிய மாலை.

பெட்டிக்கு ஞாபகசக்தி உண்டு. அதிகம் புள்ளி எடுத்தவர்களின் பெயரை மூன்று எழுத்தில் வைத்திருக்கும். கரண்டை அணைத்தாலும் மறந்துவிடாமலிருக்கப் பலகையில் ஒரு குட்டி பேட்டரி. கீழ் வரிகளில் ஆட்கள் வருவார்கள், போவார்கள். முதல் வரி மட்டும் அசையாது: டி.ஜி.எம். அதாவது தங்கமணி, அவர் மனைவி. கல்யாணமான புதிதில் வளையல் குலுங்க ஆடி எடுத்தது. அழகர்சாமி அன்றிலிருந்து முட்டி மோதிப் பார்க்கிறார், இரண்டாம் வரியைத் தாண்டியதில்லை.

"அன்னிக்கி மிஷின்ல கோளாறு" என்பார், யாரும் கேட்காமலே.

போன மாதம் படம் ஆட்டம் காண, மெக்கானிக் திம்மராயனை அழைத்தார். அவன் பின்கதவைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தான்.

"பேட்டரி ஒழுகிப் பலகையத் தின்னுதுங்ண்ணா. விட்டா பலகையே போயிரும். எடுத்துட்டா, கரண்ட் நின்ன நிமிசமே பேரெல்லாம் போயிரும்."

"புதுசு போடு."

"போடற எடமே அரிச்சிருக்குது. டியூப்பும் சரியில்லீங்ண்ணா. ஒரே எழுத்து வருசக்கணக்கா ஒரே எடத்துல நின்னு, கண்ணாடிக்கு உள்ளாற சூடு போட்டாப்ல பதிஞ்சு கெடக்குது."

"இப்ப பேட்டரிய மட்டும் பாரு. ஒன்னக் கண்ணாசுபத்திரி நடத்தச் சொல்லல."

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே திம்மராயன் பேட்டரியை வெட்டியெடுத்தான். "ஆய்த்து. இனிமே அணைச்சிராதீங்க."

டீ குடிக்க வந்த அப்ரெண்டிஸ் மோகன்குமாருக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, ஒருவாட்டி அணைச்சு விடுங்க. அக்கா பேரு போயிரும். அப்புறம் நீங்கதான் ராஜா!"

"டீயக் குடிச்சமா, ஷிப்டுக்குப் போனமான்னு இரு."

அதோடு விட்டதா? சனிக்கிழமை பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவிப்பு வந்தது. ஊரே தொட்டியில் தண்ணீர் நிரப்பியது, போனுக்குச் சார்ஜ் ஏற்றியது. அழகர்சாமியோ இன்வெர்ட்டரிலிருந்து பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மாட்டினார். உள்ளே கிரீம் கேக்குகள் வியர்த்தன. யாரோ வீட்டுப் பிள்ளை யுவஸ்ரீக்கு எழுதி வைத்திருந்த பிறந்தநாள் வாழ்த்து, பெயரோடு வழிந்து தட்டில் சேர்ந்தது. அந்தப் பெயரைப் பற்றி அவருக்கென்ன? அவர் காவல் காத்தது வேறொரு பெயரை.

மத்தியானம் தாண்டியதும் இன்வெர்ட்டர் கீச்சிட்டது. பன் வயதுதான் அதற்கும். திரை சுருங்கி ஒரு புள்ளியாகிச் செத்தது. அழகர்சாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்களுக்கு பன் கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த வகையில் அவர்கள் தப்பித்தார்கள்.

முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள் தங்கமணி.

"ஏங்க, கேக்கெல்லாம் கூழாக் கெடக்கு! இன்வெர்ட்டர எதுல மாட்டுனீங்க?"

அவர் தாடையால் பெட்டியைக் காட்டினார். "ஒம் பேரு போச்சு."

"அந்த மூணெழுத்துக்கா இவ்வளவு கூத்து? மண்டைக்குள்ள என்ன, மைதா மாவா? போனா இன்னொருக்கா ஆடி எடுத்துட்டுப் போறேன்."

"கிழிச்ச."

அவள் குனிந்து, கம்பெனிக் கோட்டின் கையால் இருண்ட திரையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். "என்னது, மேல ஒரு கறை? தேய்க்கத் தேய்க்கப் போக மாட்டேங்குது."

அழகர்சாமி எழுந்து வந்து பார்த்தார். கறுத்த கண்ணாடியின் உச்சியில், சாம்பல் நிறத்தில், மூன்று எழுத்து.

"விடு, கை வலிக்கப் போகுது. அது போகாது" என்றார், யாரோ அவரைத் திட்டிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு. "போயி அந்தக் கேக்க அள்ளு மொதல்ல."