மூடும் முறை அடுத்த பாடத்தில்

யுத்தம் தொடங்கிய வருஷம், நானும் என் ஆபீஸ் நண்பரும் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து தபாலில் தியானம் கற்றுக்கொண்டோம். ரங்கநாதர் கோயிலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனிடம் தியானம் கேட்ட எங்களைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

ஏழாம் பாடத்தோடு ஒரு கறுப்பு அட்டை வந்தது. நடுவில் சிவப்பு முக்கோணம். அதை இமைக்காமல் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் பச்சையாக ஒரு முக்கோணம் தெரியும்; அதைக் கதவாக பாவித்து மனத்தால் திறக்க வேண்டும். மூடும் முறை அடுத்த பாடத்தில் வரும் என்று போட்டிருந்தது.

எனக்குத் தலைவலிதான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த நண்பரோ தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் உட்கார்ந்தார். கொல்லைக்கதவைச் சாத்தி, லக்ஷ்மி வருவதற்காக வாசல் கதவைத் திறந்து வைக்கும் நேரம். அதைவிட நல்ல வேளை ஏது என்றார்.

ஒருநாள் ஆபீசில், "திறந்துடுத்து ஓய்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. மறுநாளிலிருந்து அவர் ஆபீசுக்கு வரவில்லை.

கப்பல் தபால் தடைப்பட்டு, எட்டாம் பாடம் பல மாதம் கழித்துத்தான் வந்தது. அன்று மாலையே எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கேற்றி வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் வீடு மட்டும் சாத்தியிருந்தது. சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். கொல்லைக்கதவு விரியத் திறந்து கிடந்தது. அவர், யாரோ போக வழிவிடுவதுபோல் நடைவழியைக் காலியாக விட்டு, சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார்.

"மூடற பாடம் வந்துடுத்து" என்றேன்.

"மெதுவாப் பேசும்" என்றார். "அது உள்ளே வந்துடுத்து. இப்போ மூடினா இங்கேயே தங்கிடும்."