சுடுகிற விளக்கும் இரைகிற விளக்கும்

போன செவ்வாய் பின்னேரம் அஸர் தொழுது எழும்பியபோது வீட்டுக்குள் இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள். மகளின் மாப்பிள்ளை, என் மருமகன், மீனுக்குப் போகும் தோணியில் கொண்டுபோக. செய்து கொண்டுவந்தவன் நவாஸ், என் தங்கை மகன். கல்முனை பஸாரில் கடை.

சண்டை முடிந்து இரவில் கடலுக்குப் போக விட்டதிலிருந்து எல்லாருக்கும் விளக்கு வேண்டும். எனக்கு வேண்டியது றேடியோ. கடல் ஊருக்குள் வந்து என் மனிசனைக் கொண்டுபோன காலையில் எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் றேடியோ ஓய்ந்ததில்லை. மருமகனின் தோணியிலும் ஒன்று வைக்கச் செய்தேன்.

மருமகன் முதல் விளக்கைப் பற்றரியில் கொழுவினார். நல்ல வெளிச்சம். ஆனால் என் றேடியோ... எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பொரிந்தது!

"என்னடா மனே இது?"

"இதுல இரிக்கிற சிப் கரண்ட வெட்டி வெட்டிக் குடுக்கும், பெரியும்மா. அந்த வேகத்துலதான் இரைச்சல். ஆனா சுடாது, பற்றரி கனநேரம் நிக்கும்."

"மத்தது?"

"லீனியர் சிப். தேவையானத ஒரே சீரா விடும், மிஞ்சினதச் சூடாக்கிப் போட்டுரும். சத்தமில்ல. பற்றரிதான் வீண்."

மருமகன் முதலாவதைக் கையில் எடுத்துக்கொண்டார். "எனக்கு இது போதும் மாமி. நடுக்கடல்ல பற்றரி செத்தா நீங்களா வாறீங்க?"

"றேடியோ செத்தா?"

"கரைக்கு வந்து உங்ககிட்டக் கேக்கன்."

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்த வீட்டில் என் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

"சுடுற விளக்குல வீணாப் போறதக் குறைக்க ஏலாதாடா?"

"ஏலும். பற்றரி பன்னிரண்டு வோல்ட். ஒரு பல்ப் மூண்டுதான் எடுக்கும், மிச்சமெல்லாம் சூடு. மூண்டு பல்ப வரிசையாக் கோத்தா மிஞ்சுறது கொஞ்சம். நாலு ஏலா... பற்றரி இறங்கினா மங்கிரும்."

"மூண்டக் கோ."

அங்கேயே இருந்து கோத்தான்.

ஒரு சாமான் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று விசாரிக்கிறோம். பக்கத்தில் இருக்கிற எதைக் கெடுக்கும் என்று பார்க்கிறோமா?

லீனியர் விளக்கு எரிந்தது. தொட்டால் இளஞ்சூடு. றேடியோவில் பொரிச்சல் இல்லை; ஆள் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல் குரல் — பொத்துவில் தொடங்கித் திருகோணமலை வரை கடும் காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. விளக்கை அணைத்தார். வாசலுக்கு எடுத்துவைத்த வலையை உள்ளே கொண்டுவந்து போட்டார்.

குசினியில் மகள் அவருக்கும் சேர்த்து உலையில் இன்னொரு சுண்டு அரிசி போட்டாள்.