லேத் அண்ணனின் மீசையும் நீர்க்கரடியும்

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். இரும்புத் துண்டுகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறை அரம் வைத்துத் தேய்க்க வேண்டும், அதுதான் என் வேலை. என் அண்ணன் அங்கேயே ட்ரில்லிங் மிஷினில் இருந்தான். நான் எட்டாவதோடு நின்றேன், அவன் ஒன்பதாவதோடு. ஆனால் போனில் அறிவியல் வீடியோ பார்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினால், குரோம்பேட்டை வருவதற்குள் எனக்கு ஒரு அதிசயம் சொல்லிவிடுவான். மதியம் அதையே சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சொல்வான்.

“ஆஸ்திரேலியாவுல ஒரு மிருகம் இருக்குண்ணே. சதுரம் சதுரமா கக்கா போவும்.”

லேத் மிஷின் ஓட்டுகிற அண்ணனுக்கு இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட பெரிய மீசை. சோற்றுக் கையோடு சிரிப்பார். “அதுக்கு அச்சு போட்டுக் குட்த்தது நம்ப கம்பெனியாடா?”

என் அண்ணனுக்கு அவர் வைத்த பெயர் புளுகுமூட்டை.

ஒரு நாள் கை கழுவுகிற குழாய்க்குப் பின்னால், சுவரில் படர்ந்திருந்த பாசியை அண்ணன் காட்டினான். “இதுக்குள்ள கரடி இருக்குண்ணே. நீர்க்கரடி. எட்டுக் காலு, கண்ணுக்குத் தெரியாது. காஞ்சா செத்த மாதிரி சுருண்டுக்கும். தண்ணி ஊத்துனா எழுந்து நடக்கும்.”

“டேய், கரடி பாக்கணும்னா வண்டலூர் போவணும். கை கழுவுற எடத்துல அதுக்கு இன்னாடா வேல?”

“காட்டிட்டா?”

“காட்டு. மீசைய எடுத்துர்றேன்.”

இன்ஸ்பெக்‌ஷன் ரூமில், சரக்கைப் பற்றிப் புகார் வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. கம்ப்யூட்டரில் பெரிதாகத் தெரியும். கையில் இருக்கிற ஆர்டர் முடியட்டும், காட்டுகிறேன் என்றான் அண்ணன். ஆர்டர் முடிந்தது. ஆடியில் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் அவனும் போய்விட்டான்.

அதற்கப்புறம் யாரும் புளுகுமூட்டை என்று சொல்லவில்லை. லேத் அண்ணன் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உங்கண்ணன் சொன்னதெல்லாம் நெசம்னே வச்சுக்கலாம்மா.”

எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது. “வச்சுக்க வேணாம்ண்ணே. கண்ணால பாருங்க. இல்லன்னா பொய்னே சொல்லுங்க” என்றேன். சொன்னேனே தவிர, பார்க்க எனக்குப் பயம். அதில் ஒன்றும் இல்லாவிட்டால் அண்ணன் பொய்யன் ஆகிவிடுவான். தினமும் அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. கம்பெனியைக் கழுவித் துடைக்கிற அன்றைக்கும் நான் போகவில்லை, பூஜைக்கும் போகவில்லை. நாலு நாள் கழித்துப் போனால் குழாயடிச் சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

“நீ தெனம் அத்தப் பாத்துகினு நிக்கிறியேன்னு நானே சொரண்டி சுண்ணாம்பு அடிச்சேம்மா” என்றார் லேத் அண்ணன் பெருமையாக.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பதறிப்போனார். இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் வேலை செய்கிற அக்காதான் ஓடிவந்து, “சுரண்டுனத எங்கண்ணே போட்டீங்க?” என்று கேட்டார்.

பின்பக்கம் ஒரு சிமெண்ட் சாக்கில் கிடந்தது. வெயிலில் காய்ந்து டீத்தூள் மாதிரி ஆகியிருந்தது. “செத்துப்போச்சேம்மா” என்று லேத் அண்ணன் தலையில் கை வைத்தார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ந்தால்தானே அண்ணன் சொன்னது சரியா என்று தெரியும்!

ஒரு பிடி எடுத்து டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக் கேன் தண்ணீர் ஊற்றினேன். அண்ணனைக் குளிப்பாட்டும்போது முதல் சொம்பு நான்தான் ஊற்றினேன். எழுந்துவிடுவான் என்று ஒரு நொடி பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை செருப்பை வெளியே விட்டுவிட்டு எல்லோரும் இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குள் நெருக்கியடித்து நின்றோம். அக்கா பாசியைப் பிழிந்து ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டார், கீழே போன் டார்ச்சை வைத்தார், கம்ப்யூட்டரைப் போட்டார். திரை முழுக்கச் சிவப்பு.

“இன்னாம்மா இது, செவ்வாய் கிரகமா?”

அக்கா மைக்ராஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸின் மேலேயே சந்தனம், அதன்மேல் குங்குமம். “யாருண்ணே லென்ஸுக்குப் பொட்டு வச்சது?”

லேத் அண்ணன் மீசையைத் தடவினார். “எல்லா மிஷினுக்கும் வெச்சேன். இதுக்கு நெத்தி எதுன்னு தெர்ல, நடுவுல வெச்சுட்டேன்.”

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தோம். முதல் சொட்டில் மண்ணும் பச்சை நாரும்தான். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவது சொட்டில், ஒரு நாருக்குப் பின்னால் என்னவோ அசைந்தது. குண்டாக, கண்ணாடி மாதிரி, ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் பாயை விட்டு எழுந்திருக்கிற அதே சோம்பலோடு. அக்கா விரலை வைத்துக் கால்களை எண்ணினார். எட்டு. ஒவ்வொன்றிலும் நகம்.

லேத் அண்ணன் திரைக்குக் கிட்டே போய், “டேய், நெசமாவே கீதுடா” என்றார். அவர் எங்களில் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நான் கைதட்டிவிட்டேன். எல்லோரும் தட்டினார்கள்.

அடுத்த நாள் அவர் வாயில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு வந்தார். “சொன்ன சொல்லு சொன்ன சொல்லும்மா” என்று அவிழ்த்தார். மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்து, குழாயடிச் சுவர் மாதிரியே இருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆடிக்கப்புறம் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மதியம் டப்பாவைத் திறந்தவர் என்னைத் தோளில் தட்டினார். “யம்மா, அந்தச் சதுரமா போவுற மிருகம்... அதுவும் நெசமா?”

“நெசம்தாண்ணே.”

“நல்லவேள, அதுக்கு நான் பந்தயம் கட்டல” என்று மீசை இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டார். “சரி, வேற இன்னா சொன்னான்? சொல்லு, கேப்போம்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.