கம்பி மூடிக்கு வைத்த கைநாட்டு

சூடேறிய எண்ணெயும் பருத்தித் தூசும் கலந்த வாடை. எந்தப் பட்டறை வாசலில் அது மூக்கில் ஏறினாலும் போதும், நான் இராஜபாளையத்து ஜின்னிங் ஆலைக்குள் நிற்கிறேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் உருளைகள் கடகடவென்று சுற்றுகின்றன. என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, முக்காடெல்லாம் வெள்ளைப் பிசிராக நின்று எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்போடு நினைவை நிறுத்திவிட எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். நிற்காது.

நான் அங்கே குமாஸ்தா. புருஷனை இழந்த சித்தியை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். அவளுக்கு ஒரே மகள். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளி விடுதியில் இருந்து படித்தாள். "அவ மட்டும் இந்தத் தூசிய முழுங்கக் கூடாதுலே." சித்தியின் ஜெபமெல்லாம் அந்த ஒன்றுதான்.

உருளைக்குள் கை போகாதிருக்க ஒவ்வொரு எந்திரத்துக்கும் கம்பி வலையில் ஒரு மூடி இருக்க வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் மூடி இருந்தால் பஞ்சு அடைக்கும், அடைத்தால் எந்திரத்தை நிறுத்தவேண்டும், நிறுத்தினால் மேஸ்திரி வாயில் விழவேண்டும். ஆகவே மூடிகள் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிச் சுவரில் தொங்கின. பாக்டரி இன்ஸ்பெக்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் வந்து இறங்கிவிட்டார் என்று சைக்கிளில் ஆள் வந்து சொன்னதும் தூசி தட்டி மாட்டுவோம். "மாப்ள வீட்டுக்காரவுக வரும்போது போடுத எரவல் நகை" என்பாள் சித்தி. பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சட்டம் இன்னும் இறுகுகிறது என்ற பேச்சு வந்ததும், ஆலை முதலாளி என்னை அழைத்து ஒரு காகிதம் எழுதச் சொன்னார். எந்திரம் ஓடும்போது மூடியைக் கழற்றமாட்டோம் என்று வேலையாட்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காகிதம். இவர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்றே நம்பினேன். நல்ல தமிழில், வரிக்கு வரி அழகு பார்த்து எழுதி, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உரக்க வாசித்தேன். மை தடவிய வலது கட்டைவிரலை ஊதிக்கொண்டே சித்தி சொன்னாள்: "அம்புட்டும் நீயா எழுதுன? வேதப்புத்தகம் வாசிச்ச மாதிரில்லா இருக்கு!"

அந்த மாதமே இன்ஸ்பெக்டர் வந்தார். மூடிகளைப் பார்த்தார், தலையசைத்தார், போனார். அவருடைய மோட்டார் கிளப்பிய புழுதி அடங்கவில்லை. "ஏட்டி, என்ன வேடிக்க? கழத்துங்கட்டி மூடிய! பஞ்சா வருது, ஆட்டுப் புழுக்கைல்லா வருது!" என்று மேஸ்திரி கத்தினார். பதிவேடும் கையுமாக வாசலில் நின்று நானும் கேட்டேன். பெண்கள் கழற்றினார்கள். சித்தியும் கழற்றினாள். செத்த நேரத்தில் எந்திரத்தின் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். சித்தியின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

நஷ்டஈட்டு விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில். மகள் விடுதியில் நீடிப்பதும் தாய் நின்ற இடத்தில் போய் நிற்பதும் அந்த ஒரு தீர்ப்பில் இருந்தது. ஆலை வக்கீல் என் காகிதத்தை எடுத்து நீட்டினார். தொழிலாளி தெரிந்தே மூடியைக் கழற்றினால் சட்டப்படி ஆலை பொறுப்பல்ல என்றார். கைநாட்டு இவளுடையதுதானா என்று பார்க்கவேண்டுமே. பார்க்கக் கட்டைவிரல் இல்லை. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

"இது இந்த அம்மாள் வைத்ததா?" ஆமாம் என்றேன்.

"வாசித்துக் காட்டினீரா?" ஆமாம் என்றேன்.

கழற்றச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேஸ்திரி மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எனக்கு வேலை இருந்தது, வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தன.

விசாரித்த அதிகாரி கெட்டவரல்ல. தணிந்த குரலில் விளக்கினார்: "சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள் அம்மா. மூடியை நீங்களே கழற்றியிருந்தாலும், உயிர் போயிருந்தால் உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க வழியுண்டு. கை போனதற்கு இல்லை."

"அப்பொ செத்துட்டு வந்து கேக்கணுமாய்யா?" என்றாள் சித்தி. சிலர் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார்.

இப்போது இன்னொரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. எந்திரம் ஓடும்வரை மூடி அதன் இடத்தில் இருக்கவேண்டுமாம். பார்த்துக்கொள்வது ஆலைக்காரர் கடமையாம். பத்திரிகையில் வாசித்தேன். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஒவ்வொரு திருத்தத்திலும் ஒரு வரி கூடுகிறது. அந்த வரி வருவதற்கு முன் கையைக் கொடுத்தவர்களை எந்த வரியும் திரும்பிப் பார்ப்பதில்லை. சித்தியின் மகள் நின்ற எந்திரத்தை வருஷக்கணக்காக நான் தினமும் கடந்து போனேன். ஒரு நாளும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன்.

தீர்ப்பான அன்றே சித்தி விடுதிக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டாள். பஸ் நிற்குமிடத்தில் இருவரும் நின்றார்கள். தகரப் பெட்டி சித்தியின் இடக்கையில். வாங்கிக்கொள்ளலாமென்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. பஸ் வந்தது. மகளை முதலில் ஏற்றிவிட்டு, படியில் கால் வைத்தவள் திரும்பினாள். அப்போது சொன்னதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

"எங்க அம்புட்டுப் பேர்கிட்டயும் கைநாட்டு வாங்குனியே," என்றாள், "அந்த மேஸ்திரிகிட்ட ஏம்லே வாங்கல?"